சாம்பார் கவரில் வந்த கடல்

நான் ஓய்வு பெற்ற பள்ளிக்கூடத்தில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் கவிதா. சின்னப் பெண், நல்ல சுறுசுறுப்பு. போன வாரம் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டாள். பிளாஸ்டிக் ஒழிப்புக்காகப் பள்ளியில் கண்காட்சி வைக்கிறார்களாம்.

"டீச்சர், எண்பதுகள்லயே நீங்க கடல்ல கவர் சேர்றதைப் பத்தித் துணியில பெருசா ஒண்ணு தெச்சீங்களாமே? எங்க அம்மா சொன்னாங்க. அது இருந்தா குடுங்க டீச்சர். ஹால்ல மாட்டிட்டு பத்திரமா திருப்பித் தந்துடறேன்" என்றாள்.

துணி இல்லை என்றேன். போட்டோவாவது இருக்குமா என்றாள். அதுவும் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் தையல் நிலையத்துக்கு யார் கேமரா கொண்டுவந்தார்கள்? அவளுக்கு முகம் வாடிவிட்டது. காபியைக் குடித்துவிட்டு, "உங்க அனுபவத்தையாவது எழுதிக் குடுங்க டீச்சர், படிச்சுக் காட்டறேன்" என்று சொல்லிப் போனாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த வேலையின் மிச்சமாக ஒரே ஒரு பொருள் என்னிடம் இருக்கிறது. அதை அவளிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் சிரித்திருப்பாள்.

என் படிப்புக் கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. பத்தாவது முடித்துவிட்டுச் சேலத்தில் அத்தை வீட்டில் தங்கித் தையல் கற்றேன். லோயர், ஹையர் இரண்டு பரீட்சையும் தேறினேன். பட்டனுக்குக் காஜா எடுப்பதில் மட்டும் எனக்கும் ஊசிக்கும் கடைசி வரை ஒத்துவரவில்லை. கல்யாணமாகி பாப்பாரப்பட்டிப் பக்கம் வந்தேன். எங்கள் பங்குக் கோயிலை ஒட்டியிருந்த கன்னியர் மடத்தில் பெண்களுக்கென்று தையல் நிலையம் ஒன்று திறந்தார்கள். ஆரோக்கியமேரி தையல் படித்தவள் என்று யாரோ சொல்ல, நான் மேரி டீச்சர் ஆனேன்.

அந்த நிலையத்துக்குப் பொறுப்பு சிஸ்டர் பெர்னதெத். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். நல்ல உயரம், வெயிலில் காய்ந்த நிறம். காவிரி கடலில் கலக்கிற பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம் அவர் ஊர். எங்களூரில் எல்லோரும் நிலத்தைப் பார்த்து நடப்பார்கள். அவர் மட்டும் தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டே நடப்பார். வரப்பில் கால் தடுக்கி இரண்டு முறை விழுந்திருக்கிறார்.

தைத்ததைக் கொண்டுபோய் நீட்டினால் முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். "பின்பக்கம் காட்டுங்க" என்பார். திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். நூல் முடிச்சு தொங்கினாலோ, தையல் ஏறி இறங்கினாலோ கட்டை விரல் நகத்தால் அந்த இடத்தில் ஒரு கோடு போடுவார். கோடு விழுந்தால் பிரிக்க வேண்டும். திட்டுவது கிடையாது, விளக்கம் கிடையாது. ஒருமுறை நான் பொறுக்க முடியாமல், "உள்பாவாடைக்கு உள்பக்கத்தை யாரு சிஸ்டர் பாக்கப் போறாங்க?" என்று கேட்டுவிட்டேன். "போடறவங்க தோலு பாக்கும்ல மேரி" என்றார். நான் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தேன்.

அவருக்கு எங்கள் ஊர் மலைகள் பிடிக்காது. நிலையத்தின் பின் ஜன்னலில் நின்றால் தூரத்தில் வத்தல்மலை நீலமாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அழகு என்பார்கள். சிஸ்டர் அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். "கண்ணு போயி முட்டுது மேரி. எங்க ஊருல கண்ணை விட்டா அது பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கும்" என்பார். ஆடிக் காற்றில் வெளியே புளியமரம் இரையும்போது மிதித்துக்கொண்டிருக்கிற மிஷினை நிறுத்திவிடுவார். காலைப் பெடலிலிருந்து எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். சத்தம் அடங்கியதும் மறுபடி மிதிப்பார். என்ன என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

எனக்குக் கடல் பைத்தியம் பிடித்தது அவரால்தான். அதுவரை ஒகேனக்கல் அருவிதான் நான் பார்த்த பெரிய தண்ணீர். அதைவிடப் பெரிதாக, விழாமல், ஓடாமல், ஆனால் சும்மாவும் இல்லாமல் ஒரு தண்ணீர் இருக்கிறது என்றால் அது எப்படி இருக்கும்? காலர் வெட்டும்போதும் அதே நினைப்பு, ராகி களி கிண்டும்போதும் அதே நினைப்பு. வீட்டுக்காரரிடம் சொன்னால், "கடலைக்காய் பிடுங்கற வேலை கெடக்குது, கடலுக்குப் போறாளாம்" என்று சிரிப்பார்.

கவர்கள் எங்களூருக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். அதற்கு முன்பு பாப்பாரப்பட்டிச் சந்தையில் எதை வாங்கினாலும் காகிதப் பொட்டலம், தேக்கு இலை, இல்லையென்றால் முந்தானை. திடீரென்று கடைக்குக் கடை மெல்லிய கவர் தொங்கியது. ஓட்டலில் சாம்பாரைக்கூடக் கவரில் ஊற்றி, ரப்பர் பேண்டு சுற்றி, பலூன் மாதிரி கொடுத்தார்கள். எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். ஜவுளிக்கடைப் பெயர் போட்ட கவரைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினால் அது ஒரு மதிப்பு. வீட்டில் கவர்களைக் கழுவிக் கொடியில் காயப்போட்டு மடித்து வைப்போம். கிழிந்ததை மட்டும் ஓடையில் வீசுவோம். மழை வந்தால் ஓடை சுத்தமாகிவிடும். எங்கே போகிறது என்று நினைத்ததே இல்லை. போய்விடுகிறது, அவ்வளவுதான்.

அது எங்கே போகிறது என்று சொன்னவர் சிஸ்டரின் தம்பி சவரிமுத்து. வருடத்துக்கு ஒருமுறை அக்காவைப் பார்க்க ஒரு கூடைக் கருவாட்டுடன் வருவார். மடத்தில் கருவாடு வறுத்தால் ஊரே மூக்கைத் தூக்கும். அந்த முறை நிலையத்தின் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே மீன்பாடு பற்றிப் பேசினார்.

"வலையில இப்ப மீனு பாதி, கவரு பாதி வருதுக்கா. மேட்டூர்ல தொறந்தானோ இல்லியோ, மழை பெஞ்சு ஆறு பெருகுனா ஆத்து வாயில அவ்வளவும் மெதக்குது. தண்ணிக்குள்ள பாத்தா கொழகொழன்னு மெதக்குற சொறிமீனு கணக்காவே இருக்கு. ஆமை இரைன்னு ஏமாந்து முழுங்கிருது. போன மாசம் கரையில ஒண்ணு செத்து ஒதுங்குச்சு. வயித்தை அறுத்தா உள்ள பூரா கவருதான். சேலத்துக் கடை பேரு போட்ட கவரு ஒண்ணு, எழுத்துகூட அழியலை."

சிஸ்டர் எழுந்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். எங்கள் கட்டிங் மேஜை மேல் முந்தின நாள் நூல்கண்டு வாங்கிவந்த கவர் கிடந்தது. அதையும் ஒரு சேலத்துக் கடையில்தான் வாங்கியிருந்தோம். அதை எடுத்துப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மறுநாள் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். கடல் கெட்டுப்போவதைப் பற்றி எங்கள் ஊர் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார். நான் நோட்டீஸ் அடிக்கலாம் என்றேன்.

"நோட்டீஸ் அடிச்சா அதுல வடை மடிப்பாங்க மேரி. துணியில செய்வோம். துணின்னா பொம்பளைங்க கிட்ட வந்து தொட்டுப் பாப்பாங்க. தொட்டாங்கன்னா நின்னுருவாங்க" என்றார்.

அப்படித்தான் அந்தக் கடல் துணி ஆரம்பித்தது. கல்யாண ஜமக்காளம் அளவுக்குப் பெரிது. பள்ளிச் சீருடை வெட்டி மிஞ்சிய நீலத் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. வெளுத்தது மேலே, அடர்ந்தது கீழே என்று ஒட்டுப்போட்டுத் தண்ணீர் செய்தோம். மீனுக்குப் பழைய பட்டுச் சேலை ஜரிகை. ஆமைக்குப் பச்சைக் கதர். நாங்கள் தைத்த முதல் ஆமைக்கு நகமும் விரலும் வைத்ததில் அது எங்கள் கிணற்று ஆமையாகவே இருந்தது. சிஸ்டர் நகக் கோடு போட்டார். கடல் ஆமைக்குக் கால் கிடையாது, துடுப்புதான் என்று சாக்பீஸால் வரைந்து காட்டினார்.

உண்மையான கவர்களையே துணி மேல் தைக்க வேண்டும் என்பது அவர் தீர்மானம். அதில்தான் எங்கள் உயிர் போயிற்று. கவரைத் தைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட் அதில் ஒட்டிக்கொண்டு நகராது. கையால் இழுத்தால் கவர் நீண்டுபோகும். சின்னத் தையலாகப் போட்டால் ஊசி துளைத்த இடமெல்லாம் தபால் தலை மாதிரி வரிசையாகக் கிழிந்து வந்துவிடும். தப்பாகத் தைத்துவிட்டுப் பிரிக்கவும் முடியாது. துணியில் ஊசி போன வழி மூடிக்கொள்ளும். கவரில் ஓட்டை ஓட்டைதான்.

கடைசியில் வழி கண்டுபிடித்தோம். கீழே துணி, அதன் மேல் கவர், கவருக்கு மேல் செய்தித்தாள் ஒரு துண்டு. தையலை இருப்பதிலேயே பெரிதாக வைத்து, மெதுவாக மிதித்து ஓட்ட வேண்டும். முடித்தபின் தாளை மட்டும் கிழித்து எடுத்துவிட வேண்டும். தாள் வைக்க முடியாத வளைவுகளில் ஃபுட்டின் அடியில் முகப்பவுடர் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். பவுடர் என் கண்டுபிடிப்பு. இதை நான் சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? அந்த நாட்களில் நிலையமே குழந்தை குளித்த வீடு மாதிரி மணக்கும்.

துணியின் மேல் ஓரத்தைத் தைக்க மாதம்மாவிடம் கொடுத்திருந்தோம். பக்கத்துக் கிராமத்து விவசாய வீட்டுப் பெண் அவள். சங்கிலித் தையலில் அவளை அடிக்க ஆளில்லை. வாயிலும்தான். நாங்கள் ஆமையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவள் தலையைத் தூக்காமல் தைத்துக்கொண்டிருந்தாள். முடித்து விரித்துக் காட்டினாள். கடலுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கரை. கரை மேல் பனைமரம், பின்னால் மலை. ஓரத்தில் தண்ணீர் திறந்துவிட ஒரு மதகு.

எனக்கு மானம் போயிற்று. "என்னடி இது? கடலுக்கு ஏது அக்கரை? ஏது மதகு?" என்றேன்.

"கரையே இல்லாம தண்ணி எப்பிடிங்க டீச்சர் நிக்கும்? வழிஞ்சு போயிராதுங்களா?" என்றாள் மாதம்மா. அவள் கிண்டலாகக் கேட்கவில்லை.

சிஸ்டர் வந்தார். வழக்கம்போலப் பின்பக்கத்தைப் பார்த்தார். ஒரு முடிச்சுகூடத் தொங்கவில்லை. பிறகு முன்பக்கம் திருப்பினார். கட்டை விரல் மதகின் மேல் போய் ஒரு கோடு போட்டது. அதோடு நின்றுவிட்டது. கரையின் மேல் கோடு விழவில்லை.

"சிஸ்டர், இதை உங்க ஊர்க்காரங்க பாத்தா சிரிப்பாங்க. பிரிச்சிரலாம்" என்றேன்.

"சிரிக்கட்டும். கவரு எங்கேருந்தோ வருதுன்னுதான் அங்க எல்லாரும் நெனைக்கிறாங்க. எங்கேருந்துன்னு இருக்கணும்ல? இருக்கட்டும் மேரி" என்றார். தப்பு என்று தெரிந்த ஒன்றை அவர் பிரிக்காமல் விட்டது அந்த ஒரு முறைதான்.

அப்போதுதான் அதையும் சொன்னார். இந்தத் துணி தன் ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போக வேண்டும், எங்கள் ஊரில் காட்டுவது மட்டும் போதாது. தலைமைச் சிஸ்டரிடம் வீட்டுக்குப் போகிற விடுப்பு கேட்டிருக்கிறார். துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போகலாம். "நீங்க கடலைப் பாக்கணும் மேரி. நான் காட்டணும்" என்றார்.

அன்று நான் வீட்டுக்கு நடந்து போனதாக நினைவில்லை, பறந்துதான் போயிருப்பேன். வீட்டுக்காரரிடம் அழுது, சண்டை போட்டு, மறுபடி அழுது சம்மதம் வாங்கினேன். ஒரு புது ரவிக்கை தைத்துக்கொண்டேன், கடல் நிறத்தில். கடல் நிறம் எனக்குத் தெரியுமா என்ன! சீருடை நீலத்தைத்தான் கடல் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

துணி முடிகிற தறுவாயில் மாதம்மா சில நாள் வரவில்லை. ஆள் விட்டுக் கேட்டால் மாடு சரியில்லை என்றார்கள். அவள் வீட்டில் அது ஒன்றுதான் கறவை. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு, மாமியாருக்கு மருந்து எல்லாம் அதன் மடியில்தான். நான் போய்ப் பார்த்தேன். வயிறு ஒரு பக்கம் உப்பி, அசை போடாமல், கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. விளக்கெண்ணெய் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள். கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டு, கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மாதம்மா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பிறந்த வீடு கன்னடம் பேசுகிற வீடு. மாட்டோடு மட்டும் அவள் கன்னடத்தில்தான் பேசுவாள்.

மாடு செத்தது. என்ன நோவு என்று பார்க்க டாக்டர் வயிற்றை அறுத்தார். உள்ளே இருந்து கவர்களாக வந்தது. ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு, துவைக்கிற துணி மூட்டை மாதிரி ஒரு கட்டி. சந்தைக்குப் பின்னால் மேய்ந்தபோது, உள்ளே ஒட்டியிருந்த சோற்றுக்கும் உப்புக்கும் ஆசைப்பட்டுக் கவரோடு தின்றிருக்கிறது.

அடுத்த வாரம் மாதம்மா நிலையத்துக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. இடுப்பிலிருந்து மடித்த கவர் ஒன்றை எடுத்தாள்.

"அதும் வயித்துல இருந்துதுங்க சிஸ்டர். சோப்புப் போட்டுக் கழுவி, வெயில்ல வெச்சுக் கொண்டாந்திருக்கேன். அந்த ஆமை வயித்துல இதை வெச்சுத் தெச்சிருங்க."

மற்ற பெண்கள் எழுந்து தள்ளிப் போனார்கள். செத்த மாட்டு வயிற்றில் கிடந்ததை யார் தொடுவார்கள்? நானும் கை நீட்டவில்லை. சிஸ்டர்தான் வாங்கினார். இரண்டு கையாலும், பூசையில் நற்கருணை அப்பம் வாங்குகிற மாதிரி வாங்கினார். ஆமையின் வயிற்றில் வைத்து, மிஷினில் வேண்டாம் என்று சொல்லி, கையாலேயே தைத்தார். மாதம்மா பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போனபின் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் துணி விரிந்து கிடந்தது.

"மேரி, ஊருக்கு யாரைக் கூட்டிட்டுப் போகட்டும்? நீங்க சொல்லுங்க" என்றார்.

எனக்கு அவர் மேல் வந்த கோபம் இருக்கிறதே! நேராக, மாதம்மா வரட்டும், நீங்கள் இருங்கள் என்று உத்தரவு போட்டிருந்தால் ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்துவிட்டு மறந்திருப்பேன். என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார். நான் போனால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மாதம்மா போனால் அங்கே நின்று மாட்டைப் பற்றிப் பேசுவாள். துணி எதற்காகப் போகிறது என்று எனக்கும் தெரியும்தானே?

"மாதம்மா வரட்டும் சிஸ்டர்" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை.

"நீங்க வரணும்னுதான் எனக்கு ஆசை. அடுத்த வருசத் திருவிழாவுக்கு நீங்கதான்" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. புது ரவிக்கையை மாதம்மாவுக்குக் கொடுத்தேன். அவளுக்குக் கொஞ்சம் தொளதொள என்று இருந்தது. பக்கத் தையலை உள்ளே பிடித்துத் தைத்து, பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

அவர்கள் போயிருந்த நாட்களில் நிலையத்தை நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு வேலையும் ஓடவில்லை. இப்போது பஸ்ஸில் இருப்பார்கள், இப்போது கரையில் நிற்பார்கள், இந்நேரம் மாதம்மா வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள் என்று மனசு அங்கேயே கிடந்தது. காற்றடித்துப் புளியமரம் இரைந்தபோது நானும் மிஷினை நிறுத்திக் கேட்டுப் பார்த்தேன். எனக்கு அது புளியமரமாகத்தான் கேட்டது.

திரும்பி வந்த அன்று மாதம்மா வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக நிலையத்துக்கு வந்தாள். பின்னால் சிஸ்டர். மாதம்மா இரண்டு கையாலும் எதையோ ஏந்திக்கொண்டு, தளும்பாமல் அடி எடுத்து வைத்து வந்தாள். பார்த்தால், கவர். வாயை முறுக்கி ரப்பர் பேண்டு போட்டு, பலூன் மாதிரி உப்பிய ஒரு சாம்பார்க் கவர். உள்ளே கலங்கலாகத் தண்ணீர்.

"டீச்சர், உங்களுக்குக் கடலு கொண்டாந்திருக்கேனுங்க" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. சிஸ்டர் அதுவரை அடக்கி வைத்திருந்தது பீறிட்டது. சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "மூணு பஸ்ஸு மாறி மடியில வெச்சே கொண்டாந்தா மேரி. அங்க நம்ம துணியை மாட்டியிருந்த எடத்துக்கு எதுத்தாப்புல டீக்கடை. அங்க போயி நின்னு கவரு கேட்டிருக்கா!"

"பின்ன கடலை எதுலங்க சிஸ்டர் கொண்டாறது? டீச்சரு எனக்கோசரம் வுட்டுக் குடுத்தாங்க. வெறுங்கையோட எப்பிடி வர்றது?" என்றாள் மாதம்மா. அவள் முகத்தில் கொஞ்சமும் சிரிப்பு இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பிறகு உட்கார்ந்து சொன்னாள். வலை காயப்போடுகிற கம்பங்களில் துணியைக் கட்டினார்களாம். திருவிழாவுக்கு வந்த பெண்கள் சுற்றி நின்று தொட்டுப் பார்த்தார்களாம். அக்கரையைப் பார்த்துச் சிரித்தார்களாம்.

"கடலுக்கு ஏதுடியம்மா அந்தாண்ட கரைன்னு கேட்டாங்க. அது எங்க ஊருதானுங்க, அங்கதான் நாங்க இருக்கோம், நாங்க ஓடையில போடறதுதான் உங்க வூட்டுக்கு வருதுன்னு சொன்னனுங்க. அப்பறம் எங்க மாடு செத்ததைச் சொன்னேன். அப்பறம் ஒருத்தரும் சிரிக்கலீங்க. ஒரு ஆத்தா அந்த ஆமை வயித்து மேல கையை வெச்சு நின்னவங்க, எடுக்கவே இல்லீங்க."

"கடல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். அதைக் கேட்கக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். முடியவில்லை.

மாதம்மா யோசித்தாள். "கரை இல்லீங்க டீச்சர். நெசமாவே இல்லீங்க" என்றாள்.

கவரின் முடிச்சை அவிழ்த்து விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு என்று தெரியும். அத்தனை கசப்பு என்று யாரும் சொல்லவில்லை. மறுபடி முடிச்சுப் போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் மிஷின் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன். ஊற்றிவிட மனம் வரவில்லை.

துணியை அந்த ஊர்க் கோயிலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். மாதம்மாவுக்கு மடத்தின் மூலம் ஒரு கன்றுக்குட்டி கிடைத்தது. சந்தைப் பக்கம் கவரைக் கண்டால் அவளே பொறுக்கிக் கடைக்காரன் முகத்துக்கு நேராக நீட்டிச் சண்டை போடுவாள். ஆனால் ஊர் திருந்தியது என்று எழுத என் கை வராது. அடுத்த வருடம் கவர்கள் இன்னும் அதிகமாயின.

அடுத்த திருவிழாவுக்கு முன்பே சிஸ்டருக்கு மாற்றல் வந்தது. ஆந்திராவில், கடலுக்குத் தொடர்பே இல்லாத ஓர் ஊர். கீழ்ப்படிதல் வாக்குக் கொடுத்தவர்கள், ஏன் என்று கேட்க முடியாது. புறப்படும்போது ஒரு பெட்டியும் ஒரு குடையும்தான் இருந்தன. பஸ் நிற்கிற இடம் வரை கூடப் போனேன்.

"கடல் எங்கயும் போயிராது மேரி" என்றார்.

போகவில்லைதான். நான்தான் போகவில்லை. பிறகு எனக்கு அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது, பிள்ளைகள், வீட்டுக்காரரின் உடம்பு, வருடங்கள். சென்னைக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். மகன் கடற்கரைக்குக் கூப்பிட்டான். அது சிஸ்டர் ஊர்க் கடல் இல்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். வீம்புதான். ஆனால் அவர் காட்டுவதாகச் சொன்னதை வேறு யாரோ காட்டி நான் பார்ப்பதா?

சிஸ்டர் இறந்த செய்தியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஜெபத்துக்காக வாசித்தார்கள். ஆந்திராவிலேயே அடக்கம். பெயரைக் கேட்டதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். எனக்கு அழத் தனியாக இடம் வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் சவரிமுத்து ஒருமுறை அக்கா இருந்த ஊரைப் பார்க்கத் தோன்றியது என்று வந்தார். துணியைப் பற்றிக் கேட்டேன். "உப்புக்காத்துல நைஞ்சு போச்சும்மா. கோயிலு ரூமுல மடிச்சு வெச்சிருந்தாங்க. ஒரு நாளு எடுத்தா பொடிப்பொடியா உதுந்திருச்சு. கவருங்க மட்டும் அப்பிடியே கெடந்துச்சு. கூட்டி அள்ளுனோம்" என்றார்.

என் கவரிலும் தண்ணீர் எப்போதோ வற்றிவிட்டது. ரப்பர் பேண்டு இற்று விழுந்துவிட்டது. கவர் மட்டும் மிஷின் டிராயரில் இருக்கிறது. எங்கேயும் கிழியவில்லை. கீழ் மூலையில் வெள்ளையாக ஒரு சிட்டிகை உப்பு. எத்தனை பேர் விரலில் ஊசி குத்திக்கொண்டு செய்த துணி போய்விட்டது. அதைச் செய்ய வைத்தவர் போய்விட்டார். மாதம்மாவும் போன வருடம் போய்விட்டாள். எதை ஒழிக்க வேண்டும் என்று தைத்தோமோ, அதுதான் எனக்கு அவர்கள் இருவரின் ஞாபகமாக மிஞ்சியிருக்கிறது. நான் அதை எப்படி வெறுப்பேன்?

கவிதாவிடம் காட்டாததற்குக் காரணம் இதுதான். ஆனால் இவ்வளவு எழுதியபின் மறைப்பதில் அர்த்தமில்லை. கண்காட்சிக்கு நானே எடுத்து வருகிறேன். கையில் வைத்துக்கொண்டு சொல்கிறேன். சொல்லி முடித்ததும் கையோடு எடுத்துப் போய்விடுவேன், மாட்டி வைக்கத் தர மாட்டேன்.

நேற்று மகளிடம் ஒன்று சொன்னேன். நான் போனால் இந்தக் கவரை என் சவப்பெட்டிக்குள் வைத்துவிடு என்றேன்.

"ஜெபமாலை வெப்பாங்க, பைபிள் வெப்பாங்க. சாம்பார்க் கவரை எவளாச்சும் வெப்பாளாம்மா? ஊரு சிரிக்கும்" என்றாள்.

சிரிக்கட்டும். வெளியே விட்டால் அது என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வீட்டைச் சுத்தம் செய்யும்போது யாராவது ஓடையில் போடுவார்கள். மழை வரும். காவிரிக்குப் போய், நேராகச் சிஸ்டர் ஊருக்குத்தான் போகும். நான் இத்தனை வருடம் போக ஆசைப்பட்ட இடத்துக்கு வழி கேட்காமல் போய்ச் சேரும். சில சாயங்காலங்களில் அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட இருக்கிறது, என் வீட்டிலிருந்து அதுவாவது போகட்டுமே என்று. அப்புறம் ஆமை வயிற்றின் மேல் கையை வைத்து நின்ற அந்த ஆத்தா ஞாபகம் வருகிறது. வேண்டாம். இது என்னோடு இங்கேயே இருக்கட்டும்.